போன வருஷத்து சிடி

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி முப்பத்தைந்து நிமிஷத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. குவைத்தில் அப்போது இரண்டு ஐந்து. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் என் மனைவிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு இரண்டு மணிக்கு ஹாஸ்டல் அறையில் டிவி முன்னால் உட்காருவாள். இங்கே ஆந்திராவில் புத்தூரில் நாலரைக்கு என் மகள் உட்காருவாள். இரண்டு டிவியிலும் ஒரே கால்பந்து மைதானம் தெரியும். அம்மாவும் பெண்ணும் எதிரெதிர் அணியாக இன்டர்நெட் வழியாக ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடுவார்கள்; பேசுவதும் டிவியிலேயே கேட்கும்.

முதலில் நான் கேலி செய்தேன். நாற்பது வயது நர்ஸுக்குக் கால்பந்து எதற்கு? அறையில் கூட இருக்கும் இரண்டு பெண்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி ஒன்றைச் சேலைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு பொம்மைப் பந்தை உதைப்பது எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, சமையலறையில் காபி கலக்கும்போது காதில் விழுந்தது.

"அம்மா, கோல் போஸ்ட் அந்தப் பக்கம். நீ எங்க ஓடிக்கினு கீற?"

"இருடி, இந்தப் பொத்தானெல்லாம் கைக்கு அடங்கமாட்டுது. செவ்வாக்கெழம ஏண்டி ஸ்கூலுக்குப் போவல?"

"வயித்து வலிம்மா."

"எந்த வலி?"

"அந்த வலிதான். ஐயோ, பந்த வுட்டுட்ட பாரு!"

செவ்வாய்க்கிழமை மகள் பள்ளிக்குப் போகவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று நான் என் புத்தகக் கடைக்குச் சரக்கெடுக்கச் சித்தூர் போயிருந்தேன்.

சாதாரணப் போனில் இதே பெண் அம்மாவிடம் மூன்று வார்த்தைதான் பேசுவாள். "ம்." "துன்னுட்டேன்." "சரிம்மா." அவ்வளவுதான், போன் என் கைக்கு வந்துவிடும். கையில் பொத்தானும் கண்ணெதிரில் பந்தும் இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கணக்கு டீச்சர் திட்டியது, தோழி பேசாமல் இருப்பது, தலையில் பேன், எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் குவைத்துக்குப் போகும். என் மனைவி ஆறு கோல் வாங்கித் தோற்பாள். சிரித்துக்கொண்டே தோற்பாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

அந்த ஆட்டத்தின் சங்கதியைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அக்டோபர் வாக்கில் அதே ஆட்டம் புது எண் போட்டு வரும். அட்டையில் வேறொரு ஆட்டக்காரன் கத்திக்கொண்டிருப்பான். உள்ளே அதே மைதானம், அதே பந்து, அதே தொண்ணூறு நிமிஷம். சட்டைகளின் நிறம் மாறியிருக்கும், யார் எந்த அணிக்குத் தாவினார்கள் என்ற பட்டியல் மாறியிருக்கும். "வேற இன்னா மாறிக்கீது?" என்று மகளிடம் ஒருமுறை கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "அவங்க தலமுடி முன்ன விட நல்லா ஆடுது நைனா" என்றாள். இந்தத் தலைமுடிக்கு விலை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.

எங்களிடம் இருந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தையது. மனைவியிடமும் அதேதான். அந்த அக்டோபரில் அவள் போன் செய்தாள். "ரூம்ல எல்லாரும் புதுசு வாங்கிட்டாங்க, நானும் வாங்கிட்டேன். பழச ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன். அங்கயும் வாங்கிடுங்க. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் ஆட முடியும்." சரி என்றேன். திருப்பதிக்குப் போனேன்.

என் புத்தியை நான் இப்போது திட்டிக்கொள்வதில் பயனில்லை. ஆனால் அந்தப் புத்தி எங்கே வளர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் நாங்கள் யாரும் புதுப் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் இல்லை. மே மாதம் தேர்வு முடிந்தால் மேல் வகுப்புப் பையன் வீட்டு வாசலில் போய் நிற்போம். அரை விலை. அட்டை கிழிந்திருந்தால் கால் விலை. நான் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே அண்ணனின் புத்தகங்களைத்தான் படித்தேன். அவன் கோடு போட்டிருந்த இடத்தைப் படித்தே பாஸானேன், பின்னால் பட்டமும் வாங்கினேன். பழசு என்றால் கொஞ்சம் அழுக்கான புதுசு. பாடம் அதேதான். இதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அந்தக் கடை. புதுசும் இருந்தது, போன வருஷத்ததும் இருந்தது. போன வருஷத்தது ஆயிரத்து இருநூறு. எங்கள் பழைய சிடியைக் கொடுத்தால் இருநூறு கழித்துக்கொள்வார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வருஷம் முன்னேறிவிட்டோம் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரர் பெட்டியைக் காட்டி, "இது போன வருஷத்துது சார், தெலுசு கதா, தெரியும்தானே?" என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார். "தெலுசு, தெலுசு" என்றேன். பஸ்ஸில் வரும்போது ஒரு பெரிய கம்பெனியை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் எனக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மகள் சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். பெட்டியைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பிப் பார்த்தாள். அதுதான் நாலு முப்பத்தைந்து.

"நைனா, இது போன வருஷத்துது."

"ஆமா. பாதி விலைக்கும் கம்மி. உள்ள அதே ஆட்டந்தானே?"

"அம்மா இந்த வருஷத்துது வெச்சிகீறாங்க."

"வெச்சிக்கட்டும். அவங்க அதுல ஆடட்டும், நீ இதுல ஆடு."

"அப்படி சேராது நைனா. ரெண்டு பேரும் ஒரே வருஷத்துதுல இருந்தாத்தான் சேரும்."

"அப்ப நம்ம பழசு?"

"அதத்தான் நீ எடுத்துக்கினு போயிட்டியே."

போன் அடித்தது. மகள் அதை ஸ்பீக்கரில் போட்டு டிவி மேஜைமேல் வைத்தாள். "இன்னாங்க, அங்க கரெண்ட் இல்லியா? நான் உக்காந்துகினே கீறேன்" என்றாள் என் மனைவி. நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், கேலி இல்லை. "சரி வுடுங்க. புதுசு வாங்கிடுங்க. நான் அனுப்புறேன்."

அந்த 'நான் அனுப்புறேன்'தான். அவள் அனுப்பித்தான் வீட்டு வாடகை, அவள் அனுப்பித்தான் மகளின் ட்யூஷன். என் புத்தகக் கடை வருமானம் கடையை நடத்தவே சரியாகப் போகும். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்றும் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது. மகளைப் பார்த்துக் கத்தினேன்.

"உங்கம்மா அங்க கண்டவங்க பீயும் மூத்திரமும் அள்ளி அனுப்புற காசு, இந்தக் கேப்மாரிங்களுக்கு வருஷா வருஷம் நாலாயிரம் கப்பம் கட்டவா? தலமுடி ஆடுதாம், தலமுடி!"

ஸ்பீக்கர் போட்டிருந்தது எனக்கு மறந்துவிட்டது. மறந்தேனா என்று இப்போதும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கம் மனைவி, "டூட்டிக்கு நேரமாச்சி" என்றாள். அன்று அவளுக்கு டூட்டி இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சரியாக நாலரைக்குப் போன் வந்தது. மகள் எடுத்தாள். "ம்." "துன்னுட்டேன்." "சரிம்மா." போனை என்னிடம் நீட்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்துமூன்று.

அந்த மூன்று நிமிஷத்தைப் பார்த்த பிறகும் நான் புதுசு வாங்கவில்லை. கோபம். யார்மேல் என்று கேட்டால், முதலில் அந்தக் கம்பெனிமேல். தனியாக ஆடுகிறவன் ஆறு மாதம் பொறுத்தால் பாதி விலைக்கு வாங்கலாம், ஒரு வருஷம் பொறுத்தால் அதிலும் பாதி. அவனுக்கு நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். முழு விலை கொடுக்காதே, தலைமுடிக்காகக் காசைக் கரியாக்காதே. ஆனால் வேறு ஊரில் இருக்கிறவரோடு சேர்ந்து ஆட வேண்டியவனால் பொறுக்க முடியாது. அங்கே ஒருவர் புதுசுக்குப் போய்விட்டால் இங்கே இருப்பவரும் போயாக வேண்டும். இரண்டு இடத்திலும் முழு விலை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டுக்கு ஒரு சிடி போதும். பிழைப்புக்குப் பிரிந்த வீட்டுக்கு இரண்டு. இதைத் தெரிந்தேதான் விற்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனை வீடு அப்படிப் பிரிந்து கிடக்கிறது! குவைத்துக்கு, துபாய்க்கு, பெங்களூருக்கு, சென்னைக்கு. எங்கள் தலைமுறைக்கு உலகச் சந்தையின் கதவெல்லாம் திறந்துவிட்டோம் என்றது அரசாங்கம். திறந்த கதவு வழியாக வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போனார், அந்தப் பெட்டி உள்ளே வந்தது.

இப்படியெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரில் அலமாரியில் பத்தாம் வகுப்பு கைடுகள் அடுக்கியிருந்தன. அட்டையில் சிவப்பு முத்திரை, 'புதிய பதிப்பு'.

ஜூன் மாதம் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும். பள்ளி திறந்த வாரம். நகரி சாலையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் கடைக்கு வந்தாள். சீசனில் மாங்கூழ் ஃபேக்டரியில் மாம்பழம் நறுக்குபவள், மற்ற நாளில் கழனி வேலை. கையெல்லாம் மாம்பழக் கறை. மூத்த பெண் பாஸாகிவிட்டாள், இளையவள் இப்போது பத்தாவது, என் மகளின் பள்ளிதான். மூத்தவளின் கைடைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, இத வெச்சே சின்னது படிச்சிக்குமா? பாத்து சொல்லு."

"அது பழசும்மா. இந்த வருஷம் மாத்திட்டாங்க. புதுசு நூத்தி எம்பது."

"இன்னா மாறிக்கீது?"

"கேள்வியெல்லாம் மாறிடுச்சி."

அவள் புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும் போலிருந்தது. ஆனால் விரலை வைத்துக்கொண்டு பாடத் தலைப்பு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். "ஒண்ணு, ஒண்ணு. ரெண்டு, ரெண்டு. எல்லாம் அதேதான கீது? இதுல இல்லாத பாடம் எது, காட்டண்ணா."

எனக்குத் தெரியும். ஆறு பக்கம்தான் மாறியிருந்தது. பழசில் எனக்கு லாபம் இல்லை. பழைய பதிப்பில் விற்காமல் நின்ற இரண்டு கட்டு ஏணிக்குப் பின்னால் எடைக்குப் போடக் கிடந்தது. "பரிட்சையில புதுசுல இருந்துதாம்மா கேப்பாங்க. அப்புறம் பொண்ணு ஃபெயிலாச்சின்னா என்னக் கேக்கக் கூடாது" என்றேன். 'ஃபெயில்' என்றதும் அவள் இடுப்புச் சுருக்குப் பையை எடுத்தாள். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்தியதை நான் கவனித்தேன்.

இப்போது அந்த மூன்று நிமிஷப் போனுக்கு அடுத்து வந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். இரண்டாவது சனி, பள்ளி விடுமுறை. காலை ஏழு மணி பஸ்ஸில் சித்தூர் போனேன். "நான் கடையத் தொறந்து பாத்துக்கறேன்" என்று மகள் சொன்னாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முழு வாக்கியம் அதுதான். சமாதானம் ஆகிறாள் என்று நினைத்தேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் ஷட்டர் மூடியிருக்கிறது. பக்கத்து ரீசார்ஜ் கடைக்காரர் சாவியை நீட்டினார்.

"பாப்பா காலையிலயே குடுத்துட்டுப் போயிடுச்சே. பஸ் ஸ்டாண்ட் பக்கமாப் போச்சி."

"எங்கன்னு சொல்லலியா?"

"உங்ககிட்ட சொல்லிக்கினுதான் போவுதுன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு ஓடினேன். அவள் போன் சார்ஜரில் மாட்டியபடி இருந்தது. தட்டில் இரண்டு தோசை மூடி வைத்திருந்தாள், எனக்கு. பதினைந்து வயதுப் பெண். அந்தத் தோசையை அப்படியே மூடிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

திருப்பதியைத் தவிர வேறெங்கே போவாள்? அந்தச் சிடி கடையைத் தவிர அவளுக்கு என்ன வேலை? அடுத்த பஸ்ஸில் ஏறினேன். திருப்பதி வழியில் வடமாலபேட்டை தாண்டும்போது மனைவி போன் செய்தாள். வேலைக்கு நடுவில் பத்து நிமிஷ இடைவேளை.

"பாப்பா இன்னா பண்றா?"

"கடையில கீறா."

"நீங்க பஸ்ஸுல போற சத்தம் கேக்குது?"

"சித்தூர்லேர்ந்து வந்துகினு கீறேன்" என்றேன். இரண்டு பொய் சொன்னேன், இரண்டும் சரளமாக வந்தது.

சிடி கடையில் அவள் இல்லை. வரவே இல்லை என்றார் கடைக்காரர். கைப்பேசியில் படம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஐந்தாறு வருஷத்து அட்டைகள் வரிசையாக, எல்லாவற்றிலும் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு கத்துகிறான். எனக்கு எங்கிருந்தோ வந்தது.

"எதுக்குய்யா வருஷா வருஷம் இதையே விக்கிறீங்க? உள்ள இன்னா மாத்தறீங்க? வெக்கமா இல்ல?"

இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"நேனா, நானா சார் செய்யறேன்? வர்றத விக்கிறேன். நீங்க இன்னா வியாபாரம்?"

"புக் ஷாப்."

"கைடுலா?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியாததா சார்?" என்று சிரித்தார். "மொதல்ல போயி பாப்பாவத் தேடுங்க. வந்தா நான் உக்கார வெச்சி போன் பண்றேன்."

அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதே ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் போனேன். என் மனைவியின் தங்கை அங்கே ஒரு லாட்ஜில் கணக்கு பார்க்கிறாள். சித்தியிடம் வந்திருப்பாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சனிக்கிழமைக் கூட்டம். காலையில் அவள் போட்டிருந்ததுபோலப் பச்சைச் சுடிதார் போட்ட பெண் எதிரில் வந்தபோதெல்லாம் நின்று முகத்தைப் பார்த்தேன். ஒருவர் என்னைப் பிடித்துத் தள்ளினார். தள்ளியது சரிதான், நான் பார்த்த பார்வை அப்படி இருந்திருக்கும்.

"இன்னா மாமா, நீங்க மட்டும் வந்துகிறீங்க?" என்றாள் மைத்துனி. அதிலேயே தெரிந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டவள், "அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "சொல்லாம எப்படி மாமா? போலீஸ்ல சொல்லணும்னாலும் அக்காவுக்குத் தெரிஞ்சிதான சொல்லணும்?" போலீஸ் என்ற சொல் வந்த பிறகு அவள் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை. "மொதல்ல ஊட்டுக்குப் போயி பாருங்க. வந்திருப்பா. இல்லன்னா நானும் வரேன்" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

புத்தூர் வந்தபோது ஐந்தரை. வீடு பூட்டியபடியே இருந்தது. கடையைத் திறந்து விளக்கைப் போட்டேன். அப்போதுதான் ஏணிக்குப் பின்னால் கண் போனது. தரையில் இரண்டு சதுரம், தூசி படியாமல் சுத்தமாக. அந்த இடத்தில் ஏதோ இருந்தது, இப்போது இல்லை. என்ன இருந்தது என்பதுகூட உடனே நினைவுக்கு வரவில்லை. குப்பைக்கு வைத்ததை யார் எண்ணி வைப்பார்கள்?

மனைவிக்குப் போன் செய்தேன். வேலை முடிந்திருக்காது, ஆனாலும் எடுத்தாள்.

"பாப்பாவக் காணல."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து. மத்தியானம் நான் உங்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும். வடமாலபேட்ட கண்டக்டர் கத்தினது கேட்டுச்சி. எங்க போறீங்கன்னுதான் தெரியல." அவள் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறியிருந்தது, நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரல். "அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, அதக் கேட்டு நானே ரெண்டு நாள் துன்னல. அவ கொழந்த. அவ முன்னாடி சொல்லிட்டீங்க."

"புதுசு வாங்கிடறேன்" என்றேன். எவ்வளவு கேவலமான பதில்!

"அதப்பத்தி இப்ப யாரு கேட்டாங்க? போன வெக்காதீங்க. லைன்லயே இருங்க. யாராவது வந்தா எனக்குக் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். அங்கிருந்து ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் வந்துகொண்டிருந்தது. தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. நகரி பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது. அந்தத் திசையை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது திருப்பதிப் பக்கம்.

கடைப்படியில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். முதலில் அந்த மாம்பழ ஃபேக்டரி அம்மாள். இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு புத்தகக் கட்டு, பாதி குறைந்தது. அவளுக்குப் பின்னால் என் மகள், முழங்கால் வரை புழுதி, முகமெல்லாம் வெயில்.

நான் கையை ஓங்கினேனா, கட்டிப்பிடிக்கப் போனேனா, எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் நடுவில் வந்து நின்றாள்.

"பொண்ண ஒண்ணும் சொல்லாதண்ணா. பொழுது சாயுது, தனியா பஸ் ஏத்தக் கூடாதுன்னு நாந்தான் இட்டுகினு வந்தேன்."

"வந்துட்டாளா?" என்று மேஜைமேலிருந்து குரல் வந்தது. மகள் போனைப் பார்த்தாள். "வந்துட்டேம்மா" என்றாள். அங்கே என் மனைவி அழும் சத்தம் கேட்டது. போனை வைக்கவில்லை.

மகள் துப்பட்டா முனையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கசங்கிய நோட்டுகள்.

"எடைக்குப் போடறதுதானன்னு எடுத்துக்கினு போனேன் நைனா. மூணு ஊரு. முப்பது புக்கு, அரை வெல. பழசுன்னு சொல்லித்தான் குடுத்தேன். மாறின ஆறு பக்கத்தையும் நோட்டுல எழுதிக்கினு போனேன், அவங்க அதப் பாத்து எழுதிக்கினாங்க. யாரையும் ஏமாத்தல."

"ஏமாத்தலண்ணா" என்றாள் அந்த அம்மாள். "முழு வெல குடுக்க முடியாம எங்க ஊர்ல பாதிப் புள்ளைங்க புக்கே வாங்கல. ஊடு ஊடா நாந்தான் இட்டுகினு போனேன்." கட்டை மேஜைமேல் வைத்தாள். அலமாரியில் சிவப்பு முத்திரையோடு அடுக்கியிருந்ததை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"எதுக்கு இந்தக் காசுன்னு கேட்டேன். அம்மாகூட ஆடறதுக்குன்னு சொல்லிச்சி. இன்னும் ஆயிரத்தி முந்நூறு கம்மியாம். ஜூன் மாசம் எங்கிட்ட நூத்தி எம்பது முழுசா வாங்கினியே, அரை வெலன்னு பாத்தா அதுல தொண்ணூறு எனுது. அத எனக்குத் திருப்பித் தர வேணாம். இந்தப் பொண்ணுக்குக் கொறையற காசுல போட்டுடு."